பதினொன்று பத்துக்குக் கூப்பிடும் குரல்

மஞ்சப்பாறையில் பதினொன்று பத்துக்கு யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. பந்தல்காரர் கொம்பையா எங்கே இருக்கிறாரோ அங்கே, அவர் தலைக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில் ஒரு குரல் வந்து, "சிவனணைந்தான் மகன் கொம்பையா! கொம்பையா! கொம்பையா!" என்று மூன்று தடவை கூப்பிட்டு, ஒரு மூச்சு விட்டு, "திருட்டு வழக்கு, நம்பர் நூற்றுப் பதினாலு" என்று சொல்லிவிட்டுப் போகும். கோர்ட்டு வாசலில் நின்று டவாலி கூப்பிடுவாரே, அதே இழுவை, அதே அதிகாரம், நடுவில் ஒரு சின்ன இருமல்கூட உண்டு. இருபத்திமூன்று வருஷமாக ஒரு நாள் தப்பியதில்லை. பொங்கலா, தீபாவளியா, பெற்ற தகப்பனுக்குக் கொள்ளி வைக்கிற நாளா, அந்தக் குரலுக்கு எல்லாம் ஒன்றுதான். கோர்ட்டுக்கே விடுகிற கோடை விடுமுறைகூட அதற்குக் கிடையாது.

முதல் நாள் வந்தபோது கொம்பையாவுக்கு இருபத்தேழு வயது. தென்னங்கீற்றுக் கட்டின் மேல் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். அதற்கு முந்தின நாள்தான் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அபராதத்தைக் கட்டி, சாயந்தரம் வரைக்கும் கூண்டு ஓரத்தில் நிற்கச் சொன்னதையும் நின்று முடித்துவிட்டு, அத்தோடு சனியன் விட்டது என்று வீட்டுக்கு வந்து குளித்திருந்தார். குரல் கேட்டதும் ஏதோ கட்சிக்காரர்கள் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருக்கிறார்கள் என்றுதான் அக்கம்பக்கம் நினைத்தது. மறுநாளும் வந்தது. மூன்றாம் நாள் அவர் பஸ் ஏறி மலை தாண்டிப் புனலூருக்குப் போய் ஒரு லாட்ஜில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார், அங்கேயும் சரியாகப் பதினொன்று பத்துக்கு மின்விசிறிக்கு மேலே இருந்து சுத்தத் தமிழில் தகப்பன் பேரோடு கூப்பிட்டது.

ஊர் சும்மா இருக்குமா? கோடாங்கியைக் கூட்டிவந்தார்கள். அவர் உடுக்கையை எடுத்து இரண்டு தட்டுத் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இது பேய் பிசாசு இல்லப்பா, கவர்மென்ட்டுச் சத்தம். இதுல நான் தலையிட முடியாது" என்று தட்சணைகூட வாங்காமல் கிளம்பிவிட்டார். கோயிலில் மந்திரித்த கயிறு, தர்காவில் ஓதிய தண்ணீர், சர்ச்சில் ஜெபம், எல்லாம் நடந்தது. அதிகாரமில்லாமல் கோர்ட்டு போலக் கூப்பிடுவது குற்றம் என்று போலீஸ்காரர் ஒருவர் வந்து, குரல் வரும் இடத்தை லத்தியால் காற்றில் தொட்டுப் பார்த்து, நோட்டில் எழுதிக்கொண்டு போனார். அப்புறம் எல்லாருக்கும் வேலை இருந்தது. குரலும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

இப்படித்தான் அது ஊரோடு ஊராகக் கலந்தது. தென்காசி போகிற பஸ் அந்தக் குரல் கேட்டால்தான் நகரும், பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடிப்பவர் அதைக் கேட்டுத்தான் மணியடிப்பார், உலையில் அரிசி போட்ட பெண்கள் அது கேட்டதும் வடிக்கலாமா என்று கரண்டியை விட்டுப் பார்ப்பார்கள், பிரசவ வார்டில் பிறந்த நேரம் எழுதும்போது 'கொம்பையா சத்தத்துக்கு முந்தி', 'கொம்பையா சத்தத்துக்குப் பிந்தி' என்று சொன்னால் நர்சுக்குப் புரியும். அவர் பந்தல் போட்ட கல்யாணமென்றால் பதினொன்று ஒன்பதுக்கே மேளக்காரர் தவிலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, குரல் வாயைத் திறந்ததும் கெட்டிமேளமாக வெளுத்துவாங்கி அதை அமுக்கிவிடுவார். மேளம் இல்லாத இடத்தில் எல்லாரும் ஒன்றுபோல ஆகாயத்தைப் பார்ப்பார்கள். மழை வருமா வராதா என்று ஒருத்தருக்கொருத்தர் கேட்டுக்கொள்வார்கள். புதிதாக வந்த விருந்தாளி திடுக்கிட்டுத் திரும்பினால், "ஒண்ணுமில்ல, அண்ணாச்சியக் கூப்பிடுதாவ. நீங்க சாப்பிடுங்க" என்று இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைப்பார்கள்.

நல்ல ஊர்தான், யார் இல்லை என்றது. அந்த நல்ல குணத்தைத்தான் கொம்பையாவால் தாங்க முடியவில்லை. ஒருத்தராவது முகத்துக்கு நேரே காறித் துப்பியிருந்தால் கணக்கு நேராகியிருக்கும் என்று அவருக்குத் தோன்றும். அத்தனை பேர் தனக்காக ஆகாயம் பார்க்கும்போது அவர் தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நிற்பார், காது மடல் தீயாகச் சுடும்.

அவர் திருடியது ஒரு வெள்ளிச் சொம்பு. ரைஸ்மில் முதலாளியின் தாயார் இறந்த வீட்டுக்குப் பந்தல் போடப் போன இடத்தில், பூஜை அறையில் இருந்ததை எடுத்துக் கீற்றுக் கட்டுக்குள் சொருகிவைத்து, பந்தல் பிரித்தபோது கொண்டுவந்துவிட்டார். மூன்று நாள் கழித்துத் தென்காசியில் விற்கப் போனபோது பிடிபட்டார். ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். 'இளவயசு, பொண்டாட்டி மாசமா இருந்தா, புத்தி கெட்டுப்போச்சு' என்று ஊரே அவருக்காக ஒரு காரணத்தையும் செய்துவைத்திருந்தது.

இருபத்திமூன்றாம் வருஷம் வைகாசியில் அவர் மகள் உலகம்மைக்கு அரசாங்க வேலைக்கு உத்தரவு வந்தது. பரீட்சை எழுதி, மாவட்டத்தில் ஏழாவதாகத் தேறி, தட்டச்சர் வேலை. மனைவி தங்கபுஷ்பம் மகளுக்கு நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு உத்தரவைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். கொம்பையா அதை எடுத்து இரண்டாம் தடவை படித்தபோதுதான் எந்த ஆபீஸ் என்பது கண்ணில் பட்டது. மஞ்சப்பாறை மாஜிஸ்திரேட் கோர்ட்டு. அவருடைய நூற்றுப் பதினாலாம் நம்பர் வழக்குக் கட்டு அங்கே அலமாரியில்தான் இருக்கிறது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி வேலையில் சேர வேண்டும்.

அன்றைக்கே அவர் தாவீது வக்கீலைப் பார்க்கப் போனார். அந்தக் காலத்தில் கொம்பையாவைக் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொன்னவர் இதே தாவீது வக்கீல்தான். இப்போது காது கொஞ்சம் மந்தம், கோட்டு கொஞ்சம் பெரிது.

"ஒத்துக்கிட்டா ஒரே நாள்ல முடிஞ்சிரும்னு நீங்கதான சொன்னீய?" என்றார் கொம்பையா.

"கேஸு ஒரே நாள்லதானவே முடிஞ்சுது" என்றார் வக்கீல். "நான் கேஸத்தான் சொன்னேன்."

பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். பழைய கட்டை அரக்கு வைத்து மூடி, யாரும் பிரிக்கக் கூடாது என்று உத்தரவு போடச் சொல்லி ஒரு மனு கொடுக்கலாம். குரல் அந்தக் கட்டைப் பார்த்துத்தான் படிக்கிறது, கட்டை மூடிவிட்டால் அது எதைப் படிக்கும் என்பது அவர் கட்சி. "சட்டத்துல இதுக்கு நேரா ஒரு பிரிவு இல்ல. ஆனா இப்படி ஒரு சத்தத்துக்கும் சட்டத்துல பிரிவு இல்லையே. அம்மா நல்லவங்க, கேப்பாங்க" என்றார். அம்மா என்றது மாஜிஸ்திரேட்டை.

மனு போட வேண்டுமென்றால் கட்டைப் பார்க்க வேண்டும். வக்கீல் நாலு நாளில் நகல் வாங்கிவந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார், புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு தாளில் நின்றார்.

"என்னவே இது? உம்ம வாக்குமூலம் ரெண்டு இருக்கு?"

கொம்பையாவுக்குத் தெரியும். அந்தத் தாளை அவர் படித்ததில்லை, ஆனால் அதில் என்ன இருக்கிறது என்பதை ஒவ்வொரு நாளும் குரல் வந்து போன பின்னால் தனக்குள்ளே சொல்லிப் பார்த்திருக்கிறார்.

சொம்பைக் காணோம் என்றதும் முதலாளி வீட்டார் பிடித்தது, பாத்திரம் தேய்க்க வந்த பிரமுவை. இருபத்தைந்து வயதுப் பெண். கொம்பையா நட்ட பந்தக்காலிலேயே அவளைக் கட்டிவைத்தார்கள். இரண்டாம் நாள் ஏட்டு வந்து விசாரித்தார். மூன்றாம் நாள் கொம்பையா பந்தல் பிரிக்கப் போனபோதும் அவள் அந்தக் காலில்தான் இருந்தாள். கீற்றை எல்லாம் இறக்கி, மற்றக் கம்புகளைப் பிடுங்கி வண்டியில் ஏற்றினார், அந்த ஒரு காலை மட்டும் விட்டுவிட்டு வந்தார். அதற்கு முந்தின நாள், ஏட்டு விசாரித்தபோது, அவள் இவரைப் பார்த்துத்தான் கத்தினாள்: "கொம்பையாண்ணே, நீங்க இங்கனதான நின்னிய? நான் உள்ள போகலன்னு சொல்லுங்கண்ணே!" ஏட்டு இவரைக் கேட்டார். இவர் சொன்னார், ஏட்டு எழுதிக்கொண்டார். தாவீது வக்கீல் இப்போது அதைத்தான் படித்தார்: "பிரமு என்பவள் பூஜை அறைக்குள் போய் வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்."

குற்றத்தை ஒப்புக்கொண்டதால் விசாரணை நடக்கவில்லை, சாட்சிகளைக் கூப்பிடவில்லை, இந்தத் தாளை யாரும் சபையில் படிக்கவில்லை. வக்கீல் சொன்னதற்காக மட்டுமா அவர் அன்று ஒப்புக்கொண்டார்? இந்தத் தாள் வெளியே வராமல் இருக்கத்தான் முண்டியடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். அது அவருக்கும் அவர் நெஞ்சுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

"கட்ட மூடிட்டா இதுவும் உள்ள போயிரும்" என்றார் வக்கீல், முகத்தைப் பார்க்காமல். "மூடுததுக்கு முன்ன என்னென்ன தாள் உள்ள இருக்குன்னு பட்டியல் அடிப்பாங்க. அதோட சரி."

"யாரு அடிப்பா?"

"டைப்பிஸ்ட்."

"ஒண்ணாந்தேதிக்கு முன்ன முடிச்சிருங்கய்யா. உங்க கால்ல விழுதேன்" என்றார் கொம்பையா. நிஜமாகவே விழுந்தார்.

மறைக்கச் சொல்லிக் கேட்டால் முதலில் ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்பது கோர்ட்டு வழக்கம். பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கச் சொன்னார்கள், நோட்டீஸ் பலகையில் ஒட்டச் சொன்னார்கள், தெருத் தெருவாகத் தமுக்கு அடித்து, சிவனணைந்தான் மகன் கொம்பையாவின் திருட்டு வழக்கை யாரும் அறியாதபடி மூடிவைப்பதில் யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று சத்தம் போட்டுக் கேட்கச் சொன்னார்கள். குரலுக்குத் தெரியாத தெருக்களுக்கெல்லாம் தமுக்கு போய்ச் சொன்னது. ரைஸ்மில் முதலாளி குடும்பம் ஊரை விட்டே போயிருந்தது, ஆட்சேபணை இல்லை என்று தபாலில் எழுதிவிட்டார்கள். பஸ் டிரைவர் மட்டும், நேரம் பார்க்க வேறு வழி இல்லை, ஞாயிறு தவிர மற்ற நாளில் குரலை விட்டுவைக்க வேண்டும் என்று ஒரு விண்ணப்பம் கொடுத்தார். இதற்கெல்லாம் நாள் ஓடிவிட்டது. ஒன்றாம் தேதி திங்கட்கிழமை உலகம்மை புதுச் சேலை உடுத்தி வேலையில் சேர்ந்தாள். விசாரணை வியாழக்கிழமைக்குப் போயிற்று.

புதன் சாயந்தரம் சோற்றுத்தட்டு முன்னால் உட்கார்ந்து அவள் சொன்னாள், "அப்பா, உங்க கட்டு எங்கிட்டதான் வந்திருக்கு. நாளைக்குப் பட்டியல் நான்தான் போடணும். இன்னும் பிரிக்கல."

"பிரிக்காதம்மா."

"பிரிக்காம எப்படிப்பா பட்டியல் போடுறது?" அவள் சிரித்தாள். அந்தக் குரலைக் கேட்டே வளர்ந்த பிள்ளை. தொட்டிலில் அழும்போது குரல் வந்தால் அழுகையை நிறுத்திவிட்டு மேலே பார்ப்பாளாம். "நான் ஒண்ணும் நெனக்க மாட்டேம்ப்பா. அம்மா வயித்துல நான் இருந்தேன், வீட்டுல ஒண்ணுமில்ல, ஒரு சொம்ப எடுத்துட்டீய. எத்தன பேரு எவ்வளவோ செய்யிறான்."

அந்த நேரம் வீட்டில் அரிசி இருந்தது. பருப்பும் இருந்தது. சொம்பு வெயிலில் பளபளத்தது, எடுத்தார், அவ்வளவுதான். கொம்பையா பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

வியாழக்கிழமை கோர்ட்டு நிறைந்துவிட்டது. மேளக்காரர்கூட வந்திருந்தார், பழக்க தோஷத்தில் தவிலையும் கொண்டுவந்து வாசலில் வைத்திருந்தார். பத்தே முக்காலுக்கு மனுவை எடுத்து, கொம்பையாவைக் கூண்டில் ஏற்றினார்கள். மாஜிஸ்திரேட்டுக்குக் கீழே, கணினிக்குப் பின்னால், உலகம்மை முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். கட்டு அவள் கைப்பக்கம் இருந்தது, சிவப்பு நாடா இன்னும் அவிழ்க்கப்படாமல்.

"ஆட்சேபணை யாருக்காவது உண்டா?" என்று மாஜிஸ்திரேட் அம்மா கேட்டார். எல்லாரும் வழக்கம்போல அன்பாக மேலே, விட்டத்தைப் பார்த்தார்கள்.

வாசலில் சலசலப்பு கேட்டது. டவாலி ஒரு பெண்ணைத் தடுத்துக்கொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கிய மெலிந்த பெண், கையிலும் முடியிலும் சிமெண்டுத் தூசி. எங்கோ கட்டிட வேலையிலிருந்து பாதியில் வந்திருக்கிறாள். அவளைப் பார்த்ததும் நாலைந்து பெண்கள் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்கள், நினைத்துச் செய்ததில்லை, இருபத்திமூன்று வருஷத்துப் பழக்கம். 'சொம்பு பிரமு' என்றால்தான் அவளை ஊருக்குத் தெரியும். சொம்பைத் திருடியவருக்கு அந்தப் பட்டம் கிடைக்கவில்லை. அவர் பிடிபட்டதும் அவளை அவிழ்த்துவிட்டார்களே தவிர, அவள் திருடவில்லை என்று யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. வீட்டு வேலைக்கு யாரும் சேர்க்காததால் சித்தாள் வேலைக்குப் போனாள், அங்கேயும் அவள் வரும் நாளில் சாப்பாட்டுத் தூக்குகளை எண்ணிவைப்பார்கள்.

"பேரு கூப்பிடாம உள்ள விட முடியாதும்மா" என்றார் டவாலி.

"இருவத்திமூணு வருசமா அவரு பேரத்தான கூப்பிடுது?" என்றாள் பிரமு. நின்ற இடத்திலிருந்து அவள் நகரவில்லை. "எம்பேர ஒருக்கக் கூப்பிடச் சொல்லுங்கம்மா. நானும் அந்தக் கேஸுல உள்ளவதான்."

மாஜிஸ்திரேட் அம்மா வக்கீல் கையிலிருந்த நகலை வாங்கிச் சாட்சிகள் பட்டியலைப் பார்த்தார். மூன்றாம் சாட்சி, பிரமு. டவாலியைப் பார்த்துத் தலையசைத்தார். டவாலி தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு முழம் தள்ளி நின்றவளைப் பார்த்து முறைப்படி முழங்கினார்: "பிரமு! பிரமு! பிரமு!"

"இருக்கேன்யா" என்று அவள் உள்ளே வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஆட்சேபண ஒண்ணும் இல்லம்மா. கட்ட மூடிக்கிடுங்க. அவருக்கும் பொம்பளப்பிள்ள இருக்கு. ஆனா நான் களவாங்கலன்னு அதுல எங்கயாவது எழுதியிருந்தா, மூடுததுக்கு முன்ன அத ஒருக்கச் சத்தமாப் படிச்சிருங்க. வெளிய வேற எங்கயும் அது இல்ல."

உலகம்மை நாடாவை அவிழ்த்தாள். தாள்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். எந்தத் தாளில் அவள் விரல் நின்றது என்பதைக் கொம்பையா பார்த்தார். அவள் ஒருமுறை படித்தாள். கீழே கையெழுத்தைப் பார்த்தாள். இன்னொரு முறை படித்தாள். அவள் தலையை நிமிர்த்துவதற்குள் எதையாவது செய்துவிட வேண்டும் என்ற பதைப்பில்தான் கொம்பையா கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

"படிக்க வேண்டாம்மா. நானே சொல்லுதேன்."

சொன்னார். எடுத்தது தான்தான் என்பதை அல்ல, அது ஊருக்குத் தெரியும், மற்றதைச் சொன்னார். பந்தக்காலைச் சொன்னார், அண்ணே என்று அவள் கூப்பிட்டதைச் சொன்னார், பொய் சொன்னதைச் சொன்னார், அப்போது அந்தச் சொம்பு பத்தடி தூரத்தில் தன் கீற்றுக் கட்டுக்குள் இருந்ததைச் சொன்னார், வீட்டில் அரிசி இருந்ததையும் சொன்னார். மாஜிஸ்திரேட் அம்மா வாசகம் சொல்லச் சொல்ல உலகம்மையின் விரல்கள் அடித்துக்கொண்டே இருந்தன. ஒரே ஒரு இடத்தில் நின்றன. "அடிங்க" என்றார் அம்மா மெதுவாக. அடித்தாள்.

சாட்சி சொன்னதை அவருக்கே வாசித்துக்காட்டிச் சம்மதம் வாங்க வேண்டும் என்பது முறை. உலகம்மை தாளை எடுத்துக்கொண்டு எழுந்து நின்று, இதுவரை வீட்டில் யாரும் கேட்டிராத ஒரு ஆபீஸ் குரலில் வாசித்தாள்: "பிரமு திருடவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே அவர் பூஜை அறைக்குள் போனதாகப் பொய் சொன்னேன். அவர் கட்டப்பட்டிருந்த பந்தக்கால் நான் நட்டது. அவரை அவிழ்க்காமல் மற்றதைப் பிரித்துக்கொண்டு போனேன்." முடித்துவிட்டுக் கேட்டாள், "சரிதானா?"

"சரிதான் தாயி" என்றவர், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, "சரிங்கம்மா" என்றார்.

"மனு?" என்று கேட்டார் மாஜிஸ்திரேட் அம்மா.

"வேண்டாம்ங்கம்மா. தெறந்தே கெடக்கட்டும்."

அப்போது மணி பதினொன்று பத்து. "சிவனணைந்தான் மகன் கொம்பையா!" என்று விட்டத்துக்குக் கீழே குரல் எழுந்தது. வாசலில் மேளக்காரர் தவிலைத் தொடவில்லை. மழை வருமா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. இருபத்திமூன்று வருஷத்தில் முதல் தடவையாக மஞ்சப்பாறை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. தான் ஆசைப்பட்டது இதைத்தான் என்று அவர் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறார், ஆனால் அது இவ்வளவு நேரம் நீடிக்கும் என்று அவருக்குத் தெரியாது. மூன்றாவது கூப்பாடு முடிந்து வழக்கு நம்பரும் சொல்லி முடியும்வரை கூண்டின் கட்டையை விடாமல் பிடித்திருந்தார். கூட்டத்தில் இருந்த தங்கபுஷ்பம் மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

பிரமு கணினி மேஜைப் பக்கம் போனாள். "தாயி, இப்ப வாசிச்சியே, அதுல எனக்கு நகல் கிடைக்குமா?"

"கிடைக்கும். மனு எழுதிக் கொடுக்கணும், நான் எழுதித் தாரேன்" என்றாள் உலகம்மை. தகப்பன் நின்ற பக்கம் அவள் திரும்பவில்லை. "எத்தன நகல் வேணும்?"

பிரமு யோசித்தாள். "எனக்கு எண்ணத் தெரியாது. ஊருல எத்தன தெரு உண்டுமோ அத்தன."

உலகம்மை ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு தெருக்களின் பெயரை ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தாள். முதலில் தங்கள் தெருவை எழுதினாள்.